தூங்குபவரை எழுப்பாமல் தரம் பார்ப்பது எப்படி? பல நாடுகளில் பரவிய மென்பொருள் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு பத்து மணிக்குச் சென்னையில் ஒருவர் டிக்கெட்டில் (வேலைகளைக் கண்காணிக்கும் பதிவில்) ஒரு பக்கை, அதாவது மென்பொருள் பிழையை, பதிவுசெய்துவிட்டுத் தூங்கப் போகிறார். அப்போதுதான் வேலைக்கு வந்த கலிஃபோர்னியாக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "எந்த பில்டில்?" (மென்பொருளின் எந்தக் கட்டிமுடித்த பதிப்பில்?) என்று ஒரு வரி கேட்கிறார். மறுநாள் சென்னையிலிருந்து பதில் போகிறது: "நேற்று வந்ததில்." அவர் தூங்கி எழுந்து, "நேற்று இரண்டு வந்ததே, எது?" என்கிறார். மூன்று நாள் ஓடிவிட்டது. பக் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இருவரும் சோம்பேறிகள் இல்லை, இருவரும் உடனுக்குடன்தான் பதில் போட்டார்கள். பக்கத்து மேசையாக இருந்திருந்தால் அரை நிமிட வேலை.

பரவிக் கிடக்கும் குழுக்களில் தரம் பெரும்பாலும் இப்படித்தான் கசிகிறது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே: எதிர்முனையில் தூங்குபவரை எழுப்பாமல், இந்தச் சோதனையின் முடிவை மட்டும் வைத்து அடுத்த வேலையைத் தொடர முடியுமா? முடியாது என்றால் அந்தச் சோதனை இன்னும் முடியவில்லை.

1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது காணாமல் போனது. கலத்தைக் கட்டியது கொலராடோவில் டென்வர் பக்கம் இருந்த லாக்ஹீட் மார்ட்டின். பாதையைக் கணித்து வழிநடத்தியது கலிஃபோர்னியாவின் பசடேனாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகம். சிறு உந்துபொறிகள் தந்த உந்தத்தை ஒரு தரப்பின் மென்பொருள் பவுண்டு-விநாடியில் எழுதியது, மறு தரப்பு அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் சுமார் 4.45 மடங்கு. மெட்ரிக் அளவில்தான் தர வேண்டும் என்று இடைமுக ஆவணத்தில் எழுதியே இருந்தது. பாதை கணிப்பவர்களுக்குக் கணக்கு உதைக்கிறது என்ற சந்தேகமும் முன்பே இருந்தது. ஆனால் அது முறையான புகாராகப் பதிவாகாமல் மின்னஞ்சலிலும் பேச்சிலும் நின்றுபோனது. ஒரே நாடு, ஒரே மொழி, ஒரு மணி நேர வித்தியாசம். அதற்கே இந்தக் கதி என்றால், சென்னை, பெர்லின், கலிஃபோர்னியாவின் சான் ஹோசே என்று பிரிந்து கிடக்கும் குழுவுக்குக் கேட்கவே வேண்டாம்.

படி 1: எங்கே நழுவுகிறது என்று முதலில் பாருங்கள்

புதுக் கருவி வாங்குவதற்கு முன், வாடிக்கையாளர் கையில் கடைசியாக வெடித்த இருபது பக்குகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: எங்கே பிறந்தது, எங்கே பிடித்திருக்கலாம், அந்த இடத்தில் வேலை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது. யார் தவறு என்ற பத்தியே அந்தத் தாளில் இருக்கக் கூடாது. அது இருந்தால் எல்லோரும் அந்தப் பத்தியை மட்டும்தான் படிப்பார்கள்.

பெரும்பாலும் ஒரு முறை புலப்படும். தேவை எழுதியவர் ஓர் ஊர், கோட் (நிரல்) எழுதியவர் வேறு ஊர் என்றால் அங்கே ஒரு குவியல். இரண்டு சர்வீஸ்களை (தனித்தனியே ஓடும் மென்பொருள் பகுதிகளை) இரண்டு ஊர்க் குழுக்கள் வைத்திருந்தால் அவை பேசிக்கொள்ளும் இடத்தில் இன்னொரு குவியல். கணினியியலாளர் மெல்வின் கான்வே 1968-லேயே இதைச் சொல்லிவிட்டார்: ஒரு நிறுவனம் எப்படிப் பேசிக்கொள்கிறதோ, அது கட்டும் அமைப்பும் அந்த வடிவத்தில்தான் இருக்கும். ஊருக்கும் ஊருக்கும் நடுவே பேச்சு மெலிந்த இடத்தில் நிரலும் மெலிந்திருக்கும். குவியல் எங்கே பெரிதோ அங்கிருந்து தொடங்குங்கள். கீழே வரும் படிகளை இதே வரிசையில்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

படி 2: கடிகாரத்தைச் சுவரில் ஒட்டுங்கள்

இதில் தத்துவம் ஒன்றுமில்லை, வெறும் கணக்கு. கோடையில் பெர்லினில் காலை 10 என்றால் சென்னையில் மதியம் 1.30. குளிர்காலத்தில் அதுவே 2.30. கலிஃபோர்னியாவில் காலை 9 என்பது கோடையில் இங்கே இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் சில வாரங்கள் எல்லோருடைய காலண்டரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லும். நாம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை, ஆனாலும் மாட்டிக்கொள்வது நாம்தான்.

இரு ஊரும் விழித்திருக்கும் நேரம் எது என்று குறித்துவிட்டு, அந்த நேரத்தை நிலவர அறிக்கை வாசிப்பதில் வீணாக்காதீர்கள். நிலவரத்தை எழுத்தில் படித்துக்கொள்ளலாம். வாய் திறந்து பேசியே ஆக வேண்டிய தகராறு, வடிவமைப்பு முடிவு, புரியாத தேவை ஆகியவற்றுக்கு மட்டும் அதை வையுங்கள். இரவு ஷிஃப்டைச் சமமாகச் சுற்றி விடுங்கள். எப்போதும் ஒரே ஊர்தான் பத்து மணி மீட்டிங்கில் உட்கார வேண்டும் என்றால், அந்த ஊர்க்காரர்கள் மீட்டிங் சீக்கிரம் முடிவதற்காகவே எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள்.

படி 3: 'சரி' என்ற சொல்லை நம்பாதீர்கள்

தலையாட்டல் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் ஊரில் 'சரி' என்றால் பல சமயம் 'கேட்டுக்கொண்டேன்' என்றுதான் அர்த்தம், 'ஒப்புக்கொண்டேன், செய்து தருகிறேன்' என்று இல்லை. எதிர்முனையில் இருப்பவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார். நான் இருந்த ஒரு குழுவில் ஒரு ரிலீஸே இப்படித் தள்ளிப்போனது. "டெஸ்டிங் முடிந்ததா?" என்ற கேள்விக்கு "முடிந்தது" என்று நாங்கள் சொன்னது எங்கள் ஸ்கிரிப்ட் எல்லாம் ஓடி முடிந்ததை. அவர்கள் கேட்டது, வெளியிடலாமா என்பதை. ஓடியதில் ஏழு தோல்வி இருந்தது. பொய் யாரும் சொல்லவில்லை.

இரண்டு பழக்கங்கள் இதற்கு உதவும். முதலாவது, 'முடிந்தது' என்பதற்கு எழுதி வைத்த ஒரே அர்த்தம்: கோட் மெர்ஜ் ஆகிவிட்டது (பொதுவான நிரலோடு சேர்ந்துவிட்டது), டெஸ்டுகள் எதில் ஓடின, எத்தனை தோற்றன, தோற்றதை யார் எந்தக் காரணத்தோடு ஏற்றுக்கொண்டார், திரும்பப் பெறும் வழி எது. அரைப் பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இரண்டாவது, திருப்பிச் சொல்வது. தேவையைக் கேட்டவர், வேலை தொடங்குமுன் தன் சொந்த வார்த்தையில் நான்கைந்து வரி எழுதி, கூடவே மூன்று உதாரணம் தர வேண்டும்: சாதாரணமானது, ஓரத்தில் நிற்பது, தோற்க வேண்டியது. "கூப்பன் காலாவதி தேதியன்று செல்லும்" என்ற ஒரு வரித் தேவைக்கு, "எந்த ஊர் நள்ளிரவு வரை?" என்ற கேள்வி உதாரணம் எழுதும்போதுதான் முளைக்கும். கோட் எழுதிய பிறகு முளைத்தால் அதன் பெயர் பக்.

படி 4: இயந்திரம் பார்க்க வேண்டியதை மனிதர் பார்க்கக் கூடாது

இடைவெளி, அடைப்புக்குறி, பயன்படுத்தாத மாறி பற்றியெல்லாம் ஒரு மனிதர் கடல் தாண்டி இன்னொருவருக்குக் கருத்து எழுதினால் அது ஒரு நாள் நஷ்டம். வடிவை ஒழுங்குசெய்யும் ஃபார்மேட்டரும் குறைகளைச் சுட்டும் லின்டரும் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். "என் மெஷினில் ஓடுகிறதே" என்ற பதிலும் ஒரு நாள் நஷ்டம்தான். எல்லா ஊரிலும் ஒரே கன்டெய்னர் (மென்பொருளை அது ஓடும் சூழலோடு அடைத்த பொதி), பூட்டி வைத்த லைப்ரரி பதிப்புகள், யாருடைய லேப்டாப்பிலும் இல்லாத பொதுவான ஒரு பில்ட் பைப்லைன் (நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் வரிசை), இந்த மூன்றும் இருந்தால் அந்தப் பேச்சு அடங்கிவிடும். அப்புறம், டெஸ்டுகளை யூடிசி (உலகப் பொது நேரம்), சென்னை, கலிஃபோர்னியா என மூன்று நேர மண்டலத்திலும் வேண்டுமென்றே ஓட விடுங்கள். நம் ஐந்தரை மணி நேரத்தில் உள்ள அந்த அரை மணி, முழு மணிக் கணக்கில் எழுதப்பட்ட நிரலை அழகாக உடைக்கும்.

நிரலின் கிளைகளை (தனியே மாற்றி எழுதும் நகல்களை) வாரக்கணக்கில் தனியே வளர்க்க விடாதீர்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலை உலகம் முழுவதும் சிதறிக் கிடப்பவர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் மாற்றங்கள் ஒன்றோடொன்று மோதுமா என்று முன்கூட்டியே பார்க்க 2008-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்டீஃபன் ராத்வெல் லினக்ஸ்-நெக்ஸ்ட் என்ற மரத்தை (நிரல் தொகுப்பை) தொடங்கினார். அடுத்த பதிப்புக்காகப் பலர் வைத்திருக்கும் மரங்களை வேலைநாள்தோறும் ஒன்றாக்கி, கட்டிப் பார்ப்பதே அதன் வேலை. மோதல் இருந்தால் அன்றே தெரியும், மாதம் கழித்து அல்ல. உங்கள் குழு அத்தனை பெரியது இல்லை, ஆனால் தினமும் ஒன்றாக்கிப் பார்க்கும் வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே பெரிய எதிரி, ஒருமுறை ஜெயித்து மறுமுறை தோற்கும் டெஸ்ட். கோடில் எதுவும் மாறியிருக்காது, முடிவு மட்டும் மாறும். 2016-ல் கூகுள் வெளியிட்ட கணக்கின்படி அவர்களுடைய டெஸ்டுகளில் ஏறத்தாழ 16 சதவீதத்தில் ஏதோ ஓர் அளவு இந்த ஆட்டம் இருந்தது. அவர்களுக்கே அப்படி. ஒரே அறையில் இருப்பவர்கள் "அதுவா, அது எப்பவும் அப்படித்தான், இன்னொரு தடவை ஓட விடு" என்று கடந்துவிடலாம். அந்த வாய்மொழி அறிவு கடல் தாண்டாது. பெர்லினில் டெஸ்ட் தோற்றதைக் காட்டும் சிவப்பைப் பார்த்தவர் தன் மாற்றத்தில்தான் கோளாறு என்று அரை நாள் தேடுவார், அல்லது சிவப்பு என்றாலே பொருட்படுத்த வேண்டாம் என்று கற்றுக்கொள்வார். இரண்டாவதுதான் ஆபத்து. ஆடும் டெஸ்டை அன்றே முக்கிய வரிசையிலிருந்து பிரித்து, ஒருவர் பெயரோடும் ஒரு தேதியோடும் தனி அறையில் வையுங்கள். தேதிக்குள் சரிசெய்யாவிட்டால் அழித்துவிடுங்கள். நம்பிக்கை இல்லாத டெஸ்டை வைத்திருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல் என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டை போடுபவர்கள் உண்டு.

படி 5: கோட் ரிவ்யூ (ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் பார்ப்பது)

1976-ல் ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் கோட் பரிசோதனை முறையை எழுதி வெளியிட்டபோது, நான்கைந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்து செய்யும் வேலையாக அது இருந்தது. அதில் ஒருவருக்கு வாசிப்பவர் என்று பொறுப்பு. நிரலை எழுதியவர் அல்ல, வேறொருவர், அது என்ன செய்கிறது என்று தன் வார்த்தையில் சொல்லிக்கொண்டே போவார். எழுதியவர் நினைத்ததும் வாசித்தவர் புரிந்துகொண்டதும் பிரியும் இடத்தில் பிழை அகப்படும். இன்று அறையும் இல்லை, வாசிப்பவரும் இல்லை. ஒப்புதல் தரும் பச்சைப் பொத்தான் மட்டும் இருக்கிறது.

அந்த வாசிப்பவரைத் திரும்பக் கூப்பிடலாம். ரிவ்யூ செய்பவர் தன் முதல் கருத்தாக ஒரு வரி எழுதட்டும்: "இந்த மாற்றம் இதைச் செய்கிறது என்று புரிந்துகொண்டேன்." அந்த வரியை எழுத முடியாதவர் ஒப்புதல் தரக் கூடாது. இதைக் கொண்டுவந்தபோது முதல் வாரம் எல்லோரும் முனகினார்கள். இரண்டாம் வாரத்திலேயே, எழுதியவர் நினைக்காததை ரிவ்யூவர் எழுதிய வரிகள் வரத் தொடங்கின.

ரிவ்யூ நடந்தது என்பதாலேயே காவல் வந்துவிடாது. 2014 ஏப்ரலில் உலகம் அறிந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை, இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் நிரலுக்குள் 2011 டிசம்பர் 31 அன்று நுழைந்தது. ஒருவர் எழுத, இன்னொருவர் பார்த்துத்தான் சேர்த்தார். அனுப்புபவர் சொல்லும் தரவு நீளத்தைச் சரிபார்க்காமல் அப்படியே நம்பிய ஒரு சிறு இடம். அது இரண்டு ஆண்டுக்கும் மேல் யார் கண்ணிலும் படவில்லை. ஆகவே ரிவ்யூவர் கையில் பொதுப் பட்டியலுக்குப் பதில் உங்கள் கோடுக்கே உரிய நான்கு கேள்வி கொடுங்கள். வெளியிலிருந்து வரும் எந்த எண்ணை நம்புகிறோம்? தோற்றால் என்ன ஆகும்? இரண்டு முறை ஓடினால்? பழைய பதிப்போடு பேச வேண்டி வந்தால்?

மாற்றம் சிறிதாக இருக்கட்டும். 200 முதல் 400 வரிக்குள் என்பது பலரும் ஒப்புக்கொண்ட எல்லை. 2,000 வரி மாற்றம் அனுப்பினால் "நன்றாக இருக்கிறது" என்று பதில் வரும், 40 வரி அனுப்பினால் பத்துக் கருத்து வரும். ஒவ்வொரு கருத்துக்கும் முன்னால் அதன் எடையையும் குறிக்கச் சொல்லுங்கள்: 'கட்டாயம்', 'யோசனை', 'கேள்வி'. எடை தெரியாவிட்டால், இளையவர் ஒருவர் மூத்தவரின் சும்மா ஒரு கேள்வியைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்து மாற்றி எழுதுவார். நம் ஊரில் இது நிறையவே நடக்கிறது.

பதிலுக்கு எவ்வளவு காத்திருப்பது? கூகுளின் ரிவ்யூ வழிகாட்டி, அதிகபட்சம் ஒரு வேலைநாள் என்கிறது. பரவிய குழுவில் அதையும் தாண்டி ஒன்று வேண்டும்: ஒவ்வொரு பகுதி கோடுக்கும் வெவ்வேறு நேர மண்டலத்தில் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்கள். ஒருவர் தூங்கினாலும் தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஊருக்குப் போனாலும் மற்றவர் இருப்பார்.

படி 6: இரண்டு சர்வீஸ்களுக்கு நடுவே ஒப்பந்தம்

விண்கலத்துக்குத் திரும்புவோம். ஆவணத்தில் நியூட்டன் என்று எழுதியிருந்தும் காப்பாற்றவில்லை, ஏனென்றால் ஆவணம் தானாக ஓடாது. ஓடக்கூடிய ஒப்பந்தம் வேண்டும். சென்னைக் குழுவின் ஆப், பெர்லின் குழுவின் ஏபிஐயை (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தரவு கேட்கும் வாசலை) கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர், "இதைக் கேட்டால் இந்த வடிவில், இந்த அலகில் பதில் வேண்டும்" என்று டெஸ்டாக எழுதித் தருகிறார். அந்த டெஸ்ட் தருபவரின் பைப்லைனில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடுகிறது. பெர்லினில் ஒருவர் பதிலில் வரும் ஒரு புலத்தின் (தரவு உறுப்பின்) பெயரை மாற்றினால் அவருடைய பில்டே அங்கேயே சிவக்கும், சென்னையில் யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை. பாக்ட் போன்ற கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன.

கருவி இல்லாமலும் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. புலத்தின் பெயரிலேயே அலகை எழுதுங்கள். 'காத்திருப்பு' என்று வைக்காமல் 'காத்திருப்பு மில்லிவிநாடி', 'தொகை' என்று வைக்காமல் 'தொகை பைசா'. நேரம் எப்போதும் யூடிசி. தேதி எப்போதும் ஆண்டு-மாதம்-நாள், ஏனென்றால் 03/04 என்பது நமக்கு ஏப்ரல், அமெரிக்கருக்கு மார்ச்.

படி 7: பக் ரிப்போர்ட்டைக் கடிதம்போல் எழுதுங்கள்

"பேமென்ட் பக்கம் சில நேரம் வேலை செய்யவில்லை. பார்க்கவும்." இப்படி ஒன்று வந்தால் குறைந்தது நான்கு நாள் கேள்வி பதில் உறுதி. அதே பக்கை இப்படி எழுதலாம்:

"பில்ட் 4.12.3, ஸ்டேஜிங், ஆண்ட்ராய்டு 14. கூடையில் இரண்டு பொருள் வைத்து, கூப்பன் போட்டு, ஒரு பொருளை நீக்கிவிட்டுப் பணம் செலுத்தப் போனால் மொத்தத் தொகை பழையதாகவே நிற்கிறது. வர வேண்டியது 850, வந்தது 1,200. பத்து முறை செய்து பார்த்தேன், பத்து முறையும் வந்தது. கூப்பன் இல்லாவிட்டால் வரவில்லை. 4.12.2-ல் இல்லை. கடைசியாகப் பார்த்தது 09:42 யூடிசி, லாக் இணைத்திருக்கிறேன். என் ஊகம்: பொருளை நீக்கியதும் கூப்பன் கணக்கு மறுபடி ஓடவில்லை. இது ஊகம்தான்."

எழுத ஏழெட்டு நிமிடம் கூடுதலாகும். கவனியுங்கள்: எதில் வரவில்லை என்பதும் இருக்கிறது, ஊகம் தனியே பிரிந்து நிற்கிறது. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் எழுதத் தயங்குவார்கள். அவர்களுக்கு இலக்கணம் திருத்தும் மூத்தவர் வேண்டாம், திரையைப் பதிவுசெய்யும் கருவியும் நிரப்ப வேண்டிய படிவமும் போதும்.

ஒரு டிக்கெட் இரண்டு முறைக்கு மேல் இரு ஊருக்கும் நடுவே கேள்வியாகவே போய்வந்தால், மூன்றாவது கேள்வி எழுதக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். பொது நேரத்தில் பத்து நிமிடம் பேசி, முடிவை டிக்கெட்டில் எழுதிவிட வேண்டும்.

படி 8: டெஸ்ட் தரவில் உங்கள் ஊரைச் சேருங்கள்

பல நாட்டுக் குழுவின் வரம் இது, யாரும் பயன்படுத்துவதில்லை. டெஸ்ட் தரவு முழுக்க ஜான் ஸ்மித்தாகவே இருக்கும். நம்மில் எத்தனை பேருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான்? கடைசிப் பெயருக்குக் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று கேட்கும் படிவம் நம்மை உள்ளேயே விடாது. தமிழில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், முன்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடலில் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது, ஒரே வடிவுக்கு மாற்றிய பிறகு ஒப்பிட்டாலொழிய. இலட்சத்தை நாம் 1,00,000 என்றும் அவர்கள் 100,000 என்றும் எழுதுகிறோம். ஒவ்வொரு ஊரும் தன் ஊர்க் குறும்புகளில் ஐந்தைப் பொதுத் தரவில் சேர்த்தால் போதும்.

படி 9: ரிலீஸ்

2024 ஜூலை 19 அன்று யூடிசி 04:09-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் தன் விண்டோஸ் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு உள்ளடக்கப் புதுப்பிப்பை அனுப்பியது. நமக்கு அது வெள்ளி காலை 9.39, அலுவலகங்கள் திறக்கும் நேரம். அந்த நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் டெக்சாஸில் வியாழன் இரவு பதினொன்று தாண்டியிருந்தது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள், அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் விழுந்துவிட்டன. இவ்வகைப் புதுப்பிப்புகளையும் படிப்படியாக அனுப்புவோம் என்று பிறகு அந்த நிறுவனம் சொன்னது.

ஆகவே முதலில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் விடுங்கள். அதை விட்ட ஊர் அடுத்த சில மணி நேரம் விழித்திருக்கும் நேரத்தில் விடுங்கள். கலிஃபோர்னியாவின் வெள்ளி மாலை சென்னையின் சனி காலை, அந்த நேரத்தில் ரிலீஸ் வேண்டவே வேண்டாம். திரும்பப் பெறும் அதிகாரம் அப்போது விழித்திருப்பவரிடம் இருக்கட்டும், அவர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆனவராக இருந்தாலும். அனுமதி கேட்க மேலாளரை எழுப்ப வேண்டியிருந்தால் அந்த அரை மணியில் எல்லாம் முடிந்திருக்கும்.

எச்சரிக்கைகள் யாருக்குப் போகின்றன என்றும் பாருங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச்சந்தையில் நைட் கேபிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதுக் கோட் போய்ச் சேரவில்லை. சந்தை திறக்கும் முன்பே அவர்களுடைய அமைப்பு 97 தானியங்கி மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கையாகக் கருதப்படவில்லை, யாரும் அவற்றின் பேரில் எதுவும் செய்யவில்லை. எல்லோருக்கும் போகும் மின்னஞ்சல் யாருக்கும் போகாத மின்னஞ்சல்தான். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் அந்த மணி நேரத்தில் பொறுப்பானவர் ஒருவர் பெயர் வேண்டும்.

படி 10: எதை எண்ணுவது

மூன்று போதும்: வாடிக்கையாளர் வரை தப்பிப்போன பக், ரிவ்யூவின் முதல் பதிலுக்குக் காத்திருந்த நேரம், ஒரு டிக்கெட் ஊருக்கு ஊர் போய்வந்த தடவைகள். டெஸ்டர் தலைக்கு எத்தனை பக் என்று மட்டும் எண்ணாதீர்கள். எண்ணினால் ஒரே பக்கை நான்காக உடைத்துப் பதிவார்கள். நானும் பதிந்திருக்கிறேன்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், முதல் வாரம் இருபது பக் கணக்கு, இரண்டாம் வாரம் பக் ரிப்போர்ட் படிவமும் 'முடிந்தது' அரைப் பக்கமும். இவற்றுக்குக் காசும் வேண்டாம், மேலிடத்து அனுமதியும் வேண்டாம். ஆடும் டெஸ்டுகளைப் பிரிப்பதும் ரிவ்யூ விதிகளும் அடுத்த மாதம். ஒப்பந்த டெஸ்டுக்கு இரு குழுவும் சம்மதிக்க வேண்டும், அதற்கு ஒரு காலாண்டு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் மாதம் புதிதாக இருபது பக்கை எடுத்து மறுபடி அதே மூன்று பத்தியை நிரப்புங்கள். குவியல் அநேகமாக வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும்.